உயில் ரகசியம், பக்கத்துக்கு மூன்று ரூபாய்

கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர்களுக்கு ரகசியம் காக்கத் தெரியாது என்பது அபாண்டம். காப்பார்கள். எல்லோருமாகச் சேர்ந்து காப்பார்கள். என் மாமா உயில் எழுதிய கதையைக் கேட்டால் உங்களுக்கே புரியும்.

மாமாவுக்கு ஊரில் தென்னந்தோப்பு, இடுக்கியில் பூப்பாறைப் பக்கம் கொஞ்சம் ஏலக்காய், மலை இறங்கினால் போடியில் ஒரு வீடு. மகன்கள் இருவர், மகள் ஒருத்தி. அமெரிக்காவில் இருக்கும் அந்த மகள்தான் இதை ஆரம்பித்து வைத்தாள். "அப்பா, இந்த லிங்க்ல கேக்கற கேள்விக்குப் பதில் போடுங்க, உயில் தானா வந்துரும்" என்றாள். வந்தது, வண்டி வண்டியாக. எந்த கவுண்டியில் வசிக்கிறீர்கள், எந்த மாநிலச் சட்டம், வீட்டு விலங்குகளை யார் பார்த்துக்கொள்வார் என்று பக்கத்துக்குப் பக்கம் கேள்வி. மாமாவுக்குக் கடைசிக் கேள்வி மட்டும் ரொம்பப் பிடித்துவிட்டது. டைகர் என்கிற தோப்பு நாய்க்காக அங்கேயே ஒரு பத்தி சொன்னார். நாய் பெயரில் சொத்து எழுத நம் சட்டத்தில் வழியில்லை என்றதும், "சரி, அதுக்குத் தெனமும் சோறு போட வேண்டியது சின்னவன்னு எழுது மாப்ள" என்று முடித்தார்.

அந்த அமெரிக்கக் காட்டை வெட்டிச் சீர்செய்து தமிழில் நாலு பக்கமாக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மகளோ, அதையும் கம்ப்யூட்டரிலேயே கையெழுத்திட்டு முடிக்கலாமே என்றாள். முடியாது. நிலத்துக்குக் கரம் கட்டலாம், கரண்ட் பில் கட்டலாம், ஆதார் எண்ணை வைத்து எத்தனையோ காகிதத்தில் மின்கையொப்பம் இடலாம். ஆனால் 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் உயிலை முதல் அட்டவணையில் போட்டு வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டது. தாளில் அச்செடுத்து, பேனா பிடித்துத்தான் ஆக வேண்டும்.

1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் கேட்பதைப் பார்த்தால் நமக்கே கூச்சமாக இருக்கும். எழுதியவர் கையெழுத்து, இல்லையென்றால் கைநாட்டு. அவர் போட்டதைப் பார்த்த, அல்லது போட்டதாக அவர் வாயால் ஒப்புக்கொள்ளக் கேட்ட இரண்டு சாட்சிகள். அவ்வளவுதான். முத்திரைத்தாள் வேண்டாம், நோட்டரி வேண்டாம், பதிவு செய்வதுகூட அவரவர் விருப்பம். மாமாவுக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது.

"ஒரு சென்ட் விக்கறதுக்கே முத்திரைத்தாள் கேக்கறான். மொத்தத்தையும் குடுக்கறதுக்கு வெறும் வெள்ளைத்தாளா?"

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. மூத்தவனுக்கு 1 ஹெக்டேர் 21 ஆர், இளையவனுக்கு 1 ஹெக்டேர் 62 ஆர் என்று பிரித்திருந்தார். ஏக்கரில் எழுதினால் யார் கண்ணிலும் பட்டுவிடும் என்றுதான், கர ரசீதில் இருக்கிற மாதிரி ஹெக்டேர் கணக்கு. அச்செடுக்கும் கடையையும் அவரே தேர்ந்தெடுத்தார். உள்ளூர்க் கடையில் டீ குடிக்க வருகிறவன்கூடத் திரையை எட்டிப் பார்ப்பான். அதனால் ஊர் தாண்டி, போர்டு முழுக்க மலையாளத்தில் எழுதியிருந்த ஒரு ஜெராக்ஸ் கடை. அங்கே உட்கார்ந்திருந்த பையனும் மலையாளி. தமிழ் படிக்க மாட்டான் என்பது மாமாவின் ராஜதந்திரம்.

கடைக் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்தான். எங்கள் எழுத்துரு அங்கே இல்லை போலும். கொம்பு ஒரு பக்கம், சுழி ஒரு பக்கம், நடுவில் கட்டம் கட்டமாக ஏதோ. தென்னந்தோப்பு, புயலடித்த தென்னந்தோப்பாகக் கிடந்தது. பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். எழுத்து சரியானது, தாள் சரியாகவில்லை. அமெரிக்க மாதிரிப் படிவத்தின் தாள் அளவு 216க்கு 279 மில்லிமீட்டர். நம் ஏ4 தாள் 210க்கு 297. அந்த ஆறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் ஓர் எழுத்து போயிற்று. "என் மனைவிக்கு" என்பது "என் மனைவிக்" என்று நின்றதைப் பார்த்து அத்தை, "என்னைய எப்பவுமே இப்படித்தான் பாதியில விட்டுருவாரு" என்றார்.

பையன் அளவை மாற்றினான், ஓரம் விட்டான், பக்க எண் போட்டான். நல்ல தொழில்காரன். சூடான தாள்களைத் தட்டி அடுக்கியபடியே சுத்தமான தமிழில் கேட்டான்: "சார், மூத்த பையனுக்கு ஒரு ஏக்கர் கம்மியா வருதே. டைப்பிங் மிஸ்டேக்கா?"

அவனுக்கு அம்மா ஊர் பொள்ளாச்சியாம்.

மாமா வீடு வரும்வரை பேசவில்லை. வந்ததும் சாட்சி விஷயம். கூடப் படித்த நண்பர்தான் வேண்டும் என்றார். நண்பருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. நாளைக்கு வழக்கு என்று வந்தால் சாட்சிகளில் ஒருவராவது உயிரோடு கோர்ட்டுக்கு வந்து சொல்ல வேண்டுமே என்றேன். "அப்ப நான் மட்டும் சாகணும், அவன் சாகக் கூடாதா?" என்றவர், கொஞ்சம் யோசித்து, ஓர் இளம் டாக்டருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் சம்மதித்தார். சாட்சிக்கு உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை, கையெழுத்தைப் பார்த்தால் போதும் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். உடனே உள்ளே போய் ஒரு தினசரியை எடுத்து வந்து, கையெழுத்திடும் இடம் மட்டும் தெரிகிற மாதிரி நாலு பக்கத்தையும் மூடினார். டாக்டர் கையெழுத்திடுவதற்கு முன் பேப்பரில் தேங்காய் விலையைப் படித்துவிட்டார்.

எல்லாம் முடிந்தபின், ஹெக்டேரை ஏக்கராக்கிப் பேனாவால் திருத்தலாமா என்றார் மாமா. திருத்தினால் அந்த வரியின் பக்கத்தில் நீங்களும் டாக்டரும் வாத்தியாரும் மறுபடி கையெழுத்திட வேண்டும், இல்லையென்றால் திருத்தம் செல்லாது என்றேன். டாக்டர் அதற்குள் பைக்கை உதைத்திருந்தார்.

1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தில் மாமாவுக்கென்றே செய்த மாதிரி ஒரு வசதி உண்டு. உயிலைக் கவரில் வைத்து அரக்கு முத்திரையிட்டு மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைத்துவிடலாம். மாமா அதையே செய்தார். மூன்று இடத்தில் அரக்கு. திரும்பும்போது பஸ்ஸில் அவர் முகத்தில் இருந்த நிம்மதியை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

மூத்த மகனுக்கு இந்த நிமிடம்வரை விஷயம் தெரியாது என்றுதான் மாமா நம்புகிறார். ஆனால் போன மாதம் பக்கத்துத் தோப்புக்காரர் ஒரு தாளோடு என்னிடம் வந்தார். அவரும் உயில் எழுதப் போனாராம். அந்த ஜெராக்ஸ் கடைப் பையன், "ஏற்கனவே ஒரு நல்ல மாடல் இருக்குதுங்க, பேரை மாத்தினாப் போதும்" என்று பத்து நிமிடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டானாம். எல்லாம் பிரமாதம், மூன்றாம் பக்கத்தில் மட்டும் ஒரு சந்தேகம் என்றார்.

"டைகருக்குத் தெனமும் சோறு போடணும்னு எழுதியிருக்குதுங்க தம்பி. சட்டப்படி நாய் கட்டாயமுங்களா?"