ஆற்றுக்குப் பொறுப்பான துரை அவர்களுக்கு



உறையில் கந்தோரின் பெயர் எழுதாததற்கு மன்னிக்கவும். விசாரித்துப் பார்த்தேன். மீன் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு, அணை மின்சாரத் துறைக்கு, புல்லுக்கு அடிக்கிற மருந்து பீடைகொல்லிப் பதிவாளருக்கு, குப்பை பிரதேச சபைக்கு. தண்ணீருக்கு மட்டும் ஆளைக் காணோம். எங்கள் தபால்காரர் கெட்டிக்காரர், உங்களைக் கண்டுபிடித்துவிடுவார்.

விஷயம் ஒரு மீனைப் பற்றியது. லேபியோ ஃபிஷெரி என்று பெயர், கெண்டைக் குடும்பம். மேல் மகாவலியில் பாறைகளுக்கிடையே வேகமாக ஓடும் தண்ணீரில் இருக்கும். இலங்கையைத் தவிர எங்கும் கிடையாது. அருகிவரும் இனமென்று சிவப்புப் பட்டியலில் பேர் விழுந்திருக்கிறது. தோட்டத்தில் பேர் விழுந்தால் அன்றைய சம்பளமாவது கிடைக்கும்.

ட்ரவுட் மீனின் ராசி வேறு. துரைமார் தூண்டில் போட்டு விளையாட, 1880களில் முட்டையாகவே கப்பலேற்றி நுவரெலியாவுக்குக் கொண்டுவந்தார்கள். ஹோர்டன் சமவெளி ஓடையில் குடியேறி, அங்கிருந்த உள்ளூர் இறாலைத் தின்று வளர்ந்தது. எங்கள் பாட்டன்மாரையும் அதே துரைமார்தான் அழைத்தார்கள். பாட்டன்மார் மன்னாரிலிருந்து நடந்து வந்தார்கள். 1948இல் எங்களிடம் கேட்ட பிரஜாவுரிமைப் பத்திரத்தை ட்ரவுட்டிடம் யாரும் கேட்கவில்லை.

2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தது, 150 மெகாவாட். சென்கிளேயர் அருவிக்குப் பகலில் மட்டும் தண்ணீர் திறந்துவிட ஏற்பாடாம். அருவிக்கும் பிரட்டு! காலையில் வேலைக்கு, பொழுது சாய்ந்தால் வீட்டுக்கு. கீழே இருக்கிற மீன்களுக்குக் கைக்கடிகாரம் கொடுக்கும் உத்தேசம் உண்டா?

கிளைபோசேட் களைகொல்லியை 2015இல் நாடு முழுக்கத் தடைசெய்தார்கள். 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். அப்போது நெல்வயலில் அது நஞ்சாக இருந்தது, எங்கள் மலையில் மருந்தாக இருந்தது. நாங்களும் "மருந்தடிக்கப் போறோம்" என்றுதானே சொல்கிறோம்! மழை பெய்தால் மருந்து ஓடைக்குப் போகும். ஓடை மகாவலிக்குப் போகும். 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாற்றுக் குடாவில் விழும் ஆறு அது. அங்கே வலை போடும் மூதூர்க்காரர்களுக்கு மலையிலிருந்து வேறு என்ன சீர் அனுப்புவது?

இத்துடன் எங்கள் பீலித் தண்ணீர் ஒரு போத்தல் வைத்திருக்கிறேன். ஆய்வுகூடத்துக்கு அனுப்பிச் செலவழிக்க வேண்டாம். மேசையில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, ஒரு மீனை விட்டுப் பாருங்கள். மூன்று நாள் கழித்தும் அது நீந்தினால் ஒரு வரி எழுதிப் போடுங்கள். பதில் வரும்வரை நாங்கள் குடித்துக்கொண்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
லயத்துப் பீலியில் தண்ணீர் பிடிக்கிறவன்,
தலவாக்கலை.