சம்சாரித் தட்டும் ஆபீசர் சோலியும்

எடையைக் குறைக்க வழி கேக்குறியா மாப்ளே? சொல்றேன். ஆனா ஒண்ணு, நான் டாக்டர் கிடையாது, கம்பவுண்டர். ஆரம்ப சுகாதார நிலையத்துல ஜன்னலுக்கு உள்பக்கம் நின்னு மாத்திரை எண்ணிக் கொடுத்தவன். டாக்டர்கிட்ட மனுசன் பொய் சொல்லுவான். 'சாப்பாடெல்லாம் ரொம்பக் கம்மி சார்'ம்பான். அதே ஆளு ஜன்னலுக்கு வந்ததும், 'ராத்திரி கல்யாண வீடு அண்ணாச்சி, கொஞ்சம் கூடிப்போச்சு, சீரணத்துக்கு எதாச்சும் கொடுங்க'ம்பான். எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் எல்லாம் அந்த ஜன்னல்ல கத்துக்கிட்டதுதான்.

முதல்ல உன் பேண்ட்டுக்கு வருவோம். காலேஜ்ல போட்ட அதே 34 சைசுதான் இன்னைக்கும்னு பெருமையாச் சொல்ற. வாஸ்தவம். சைசு மாறலை, பெல்ட்டு கட்டுற இடம்தான் மாறிப்போச்சு. தொப்புளுக்கு மேல இருந்தது, வருசா வருசம் கீழே இறங்கி, இப்போ வயித்துக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு. டேப்பை அங்க வச்சு அளக்கக் கூடாது மாப்ளே. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பு மேட்டுக்கும் நடுவுல சுத்தணும். மூச்சை வெளிய விட்டுட்டு அளக்கணும், எக்கிப் பிடிச்சுக்கிட்டு இல்லை. நம்ம ஊரு ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80. அதைத் தாண்டுச்சுன்னா கவலைப்பட ஆரம்பிக்கலாம். அமெரிக்காக்காரனுக்கு 102 வரைக்கும் விட்டு வச்சிருக்காங்க. நமக்கு அந்தத் தாராளம் கிடையாது. கை காலு குச்சியா இருந்தாலும் நம்ம கொழுப்பு நேரா வயித்துக்குள்ள, ஈரலைச் சுத்திப் போய் உக்காந்துக்கும். சென்னைக்காரங்க முன்னின்னு நாடு பூராவும் எடுத்த கணக்கு 2023-ல வெளிவந்துச்சு. சர்க்கரை நோய்க்காரங்க 10 கோடிப் பேருக்கு மேல. பெரியாளுக பத்துப் பேர்ல நாலு பேருக்குத் தொந்தி. நீ தனி ஆளு இல்லை, பெரிய கட்சியிலதான் இருக்க.

'வயசாச்சுல்ல மாமா, உடம்பு முன்ன மாதிரி எரிக்க மாட்டேங்குது'ன்னு ஒரு நியாயம் வச்சிருக்க பாரு, அதுக்குத்தான் சிரிக்கிறேன். 40-லயே இதைச் சொல்ல ஆரம்பிச்சுட்ட. 2021-ல 'சயின்ஸ்'ங்கிற பத்திரிகையில ஒரு ஆராய்ச்சி வந்துச்சு. 29 நாட்டுல, பிறந்து 8 நாளான பிள்ளையில இருந்து 95 வயசுக்காரர் வரைக்கும் 6,400 பேருக்கு மேல அளந்து பார்த்திருக்காங்க. ஆளோட உடம்பு அளவைக் கழிச்சுட்டுப் பார்த்தா, 20 வயசுல உடம்பு எரிக்கிற வேகம் 60 வரைக்கும் அப்படியே இருக்கு. அதுக்கப்புறம்தான் வருசத்துக்கு 0.7 சதவீதம்னு பையக் குறையுது. உனக்கு 53 நடக்குது. அந்தச் சலுகைக்கு இன்னும் 7 வருசம் காத்திருக்கணும். எனக்கு அந்தச் சலுகை உண்டு, நான் அதைச் சொல்லிக்கிட்டுத் திரியுறனா?

அப்போ வயிறு எங்கேருந்து வந்துச்சு? தட்டுல இருந்து.

உங்கப்பா, என் மச்சான், கமலை இறைச்ச மனுசன். விடியுமுன்ன புஞ்சைக்குப் போவாரு. கும்பா நிறையக் கம்மஞ்சோறு, மோரு, கடிச்சுக்க வெங்காயம். ராத்திரி வந்து உக்காந்தா குழம்பும் வெஞ்சனமுமா மறுபடி ஒரு கும்பா. அம்புட்டையும் மறுநாள் மம்பட்டி தின்னுரும். நீ அவரு சோலியை அவரோடயே அனுப்பிட்டு, தட்டை மட்டும் வாரிசு உரிமையா வாங்கிக்கிட்ட. உழவுக்குப் போகாத மாட்டுக்குப் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் குறைக்காம வச்சுப் பாரு, கசாப்புக்காரன் வந்து பல்லைப் பிடிச்சுப் பார்க்காமலே விலை சொல்லுவான். உன் சோலிதான் என்ன? வாசல்ல பைக்கு, ஆபீசுல லிப்டு, வீட்டுல மெத்தை நாற்காலி. ரிமோட்டு கைக்கெட்டலைன்னா சேனலை மாத்த எந்திரிக்காம, பிடிக்காத நாடகத்தையே கண்ணீர் விட்டுப் பார்க்கிற ஆளு நீ.

கணக்குப் போடுவோம். ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி. தினம் 100 கலோரி மிஞ்சினா, காகிதக் கணக்குப்படி 77 நாள்ல ஒரு கிலோ. அந்த 100-க்கு நீ பிரியாணியே திங்க வேண்டாம். நாளைக்கு அஞ்சு டீ குடிக்கிற, டீக்கு ரெண்டு கரண்டி சீனி. பத்துக் கரண்டி, 50 கிராம், சீனியில மட்டும் 200 கலோரி. உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள்ள இருந்தா நல்லதுங்குது. நீ ரெண்டு ஆளு பங்கைக் குடிச்சிட்டு, 'நான் ஸ்வீட்டே தொடுறதில்லை'ங்குற.

உடனே, 'அந்தக் காலத்து ஆளுக கூழைக் குடிச்சு 100 வயசு வாழ்ந்தாங்க'ன்னு ஆரம்பிக்காதே. சுதந்திரம் வந்த சமயத்துல நம்ம நாட்டுச் சராசரி ஆயுசு 32-ஐ ஒட்டித்தான் இருந்துச்சு. இன்னைக்கு 70. அம்மை, காலரா, காசம், பிரசவம்னு ஊரு பாதியைத் தூக்கிட்டுப் போச்சு. அதுல தப்பிச்ச ஒரு தாத்தா திண்ணையில உக்காந்திருந்தாரு, நீ அவரை மட்டும் பார்த்துட்டுப் போயிட்ட. கூழு அவரைக் காப்பாத்தலை. வேற எதுவும் கிடைக்கலை, அதனால கூழு குடிச்சாரு. அம்புட்டுதான்.

கூழுன்னதும் ஞாபகம் வருது. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டுன்னு அறிவிச்சாலும் அறிவிச்சுது, டவுனுக்காரங்க கம்பைக் கண்டுபிடிச்சுட்டாங்க. 100 கிராம் கம்புலயும் 350 கலோரிதான், 100 கிராம் அரிசியிலயும் ஏறக்குறைய அதேதான். கம்புல நார்ச்சத்து சாஸ்தி, வயிறு நிறைஞ்சாப்ல இருக்கும், நல்ல பண்டம். ஆனா சிறுதானியத்தை நெய் ஒழுக வரகுப் பொங்கலாவும், எண்ணெய்ச் சட்டியில பொரிச்ச ராகிப் பக்கோடாவாவும் ஆக்கித் தின்னா, தானியம் சிறுசு, இடுப்பு பெருசு.

இனி உன் வாக்கிங். ட்ரெட்மில்லு வாங்குன, வருசா வருசம் ஆயுத பூசைக்கு அதுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற, ஆயுதத்தைத் தொட்டது கிடையாது. அதை விடு. இப்போ நாலு சேக்காளிகளோட பூங்காவுக்குப் போற, கையில வாட்சு, 10,000 அடி கணக்கு. அந்த 10,000 யாரு சொன்னதுன்னு தெரியுமா? எந்த டாக்டரும் இல்லை. 1965-ல ஜப்பான்ல ஒரு கம்பெனி அடி எண்ணுற கருவி விக்கிறதுக்காகப் பேரோட சேர்த்து வச்ச எண்ணு அது. பிற்பாடு உண்மையாவே ஆராய்ச்சி பண்ணிப் பார்த்தவங்க, 60 தாண்டினவங்களுக்கு 6,000-லிருந்து 8,000 அடிக்குள்ளேயே பெரும் லாபம் வந்துருது, உன் வயசுக்காரங்களுக்கு 8,000 தாண்டினாலே போதும்ங்கிறாங்க. நீ என்னடான்னா வாட்சுல 9,400-ன்னு காட்டுனா, ராத்திரி பதினொரு மணிக்கு வீட்டுக்குள்ள பேய் மாதிரி உலாத்திட்டு, காலையில தூக்கம் போச்சுங்குற.

நடையில கெட்டது இல்லை மாப்ளே, நடை முடியுற இடத்துலதான் வினை. அரை மணி நடந்தா 120 கலோரி போகும்னு வச்சுக்கோ. முடிச்சதும் டீக்கடைப் பெஞ்சு. ரெண்டு உளுந்த வடை, ஒரு டீ, அரசியல். 250-க்குக் குறையாது. போகாமப் படுத்திருந்தா மிச்சம். ஆனா நடையை விட்டுராதே. நடை வயித்தைக் கரைக்கிறதை விட ரத்தத்துக்குச் செய்யுற உபகாரம் பெருசு. சாப்பிட்டதும் கட்டிலைப் பார்க்காம பத்து நிமிசம் தெருவுல நடந்துட்டு வந்தா சர்க்கரை ஏறுற ஏத்தம் தணியும். சென்னையில டாக்டர் ராமச்சந்திரன் குழு 2006-ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. சர்க்கரை வரப்போகுதுங்கிற எல்லையில நின்ன 531 பேரு, எல்லாம் 35-லிருந்து 55 வயசுக்குள்ள, உன் சோட்டு ஆளுக. சாப்பாட்டையும் நடையையும் ஒழுங்குபடுத்தினவங்களுக்கு நோய் வர்ற ஆபத்து 28.5 சதவீதம் குறைஞ்சுது. வேடிக்கை என்னன்னா, அவங்க எடை சொல்லிக்கிற மாதிரி குறையவே இல்லை! அதனால தினம் காலையில எடை மெசின் மேல ஏறி நின்னு, அது சொன்னதைக் கேட்டு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதே. வாரம் ஒரு தரம் ஏறு, போதும்.

தாயி, உன் புருசனைச் சொன்னா நீ என்ன சிரிக்கிற? பிள்ளை மிச்சம் வச்ச அரை இட்லி, சட்டியில ஒட்டின பொரியல், நேத்து வச்ச குழம்பு, எல்லாத்தையும் 'வீணாப்போகுதே'ன்னு நின்னுக்கிட்டே வாயில போடுறவ நீ. அதைச் சாப்பாட்டுக் கணக்குலயே சேர்க்கிறதில்லை. வீணாப்போனா வெளிய போகட்டும் தாயி, உன் இடுப்புல வந்து உக்கார வேண்டாம். எல்லாருக்கும் போட்டுட்டு ராத்திரி பத்தரைக்குத் தனியா உக்காந்து திங்கிறதையும் நிறுத்து. அவரு தட்டை அவரே கழுவட்டும், அதுவும் ஒரு தேகப்பயிற்சிதான். மாதவிலக்கு நின்ன பிறகு கொழுப்பு வயித்துக்குக் குடிமாறும், எலும்பும் தேயும். உனக்கு அவனை விட அவசரம் அதிகம்.

மாப்ளே, அந்தச் சனிக்கிழமை சமாச்சாரத்தை அவ முன்னாடி பேச வேண்டாம்னு கண்ணைக் காட்டுற. சரி, பேரைச் சொல்லலை. ஒரு குவார்ட்டர்ல 400 கலோரிக்கு மேல இருக்கு. ஏழு இட்லின்னு வச்சுக்கோ. காராச்சேவும் பொரிச்ச கறியும் தனிக் கணக்கு.

வயித்தை விட எனக்கு உன் காலைப் பத்தித்தான் கவலை. போன கொடைக்கு அம்மன் முன்னாடி விழுந்து கும்பிட்ட. எந்திரிக்க முடியாம உண்டியலைப் பிடிச்ச. பூசாரி நீ காணிக்கை போடப் போறன்னு நினைச்சு ரெண்டு தரம் திருநீறு கொடுத்தாரு. சிரிக்கிற விசயம் இல்லை. 30 வயசு தாண்டினா பத்து வருசத்துக்கு 3-லிருந்து 8 சதவீதம் வரைக்கும் தசை போகும், 60-க்கு மேல இன்னும் வேகமாப் போகும். பட்டினி கிடந்து எடையைக் குறைச்சா கொழுப்போட தசையும் சேர்ந்து போகும். அப்புறம் பழையபடி திங்கும்போது திரும்பி வர்றது பெரும்பாலும் கொழுப்புதான். கையை மார்புல கட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்து எந்திரி பார்ப்போம். 60 தாண்டின ஆம்பளையே 30 விநாடியில 14 தரமாவது எந்திரிக்கணும்னு ஒரு அளவு இருக்கு. உனக்கு அதை விடக் கூடவே வரணும். வரலைன்னா தினம் அதையே செய். ரெண்டு கையிலயும் தண்ணி வாளி தூக்கிட்டு மாடிச் செடிக்கு ஊத்து. உங்கம்மா ஊருணியில இருந்து இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு கொண்டு வந்தவ, அவளுக்கு ஜிம்முக்காரன் யாரும் ரசீது போடலை. வாரத்துல ரெண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுக்கணும்.

தட்டுல சோத்தைப் பாதியாக்கிட்டு மிச்ச இடத்தைக் காலியா விடாதே, ராத்திரி பத்து மணிக்கு முறுக்கு டப்பாவைத் தேடுவ. அங்க சுண்டல், பாசிப்பயறு, மொச்சை, முட்டை, மீனுன்னு வை. 60 கிலோ ஆளுக்கே நாளைக்கு 50 கிராம் புரதம் வேணும். முட்டை ஒண்ணுல 6 கிராம்தான் இருக்கு. மூணு வேளையும் இட்லி, சோறு, தோசைன்னு அரிசியையே உருவம் மாத்தித் தின்னா எங்கேருந்து வரும்? சிறுநீரகக் கோளாறு இருந்தா மட்டும் டாக்டரைக் கேட்டுட்டுச் செய்.

ஊசி ஒண்ணு வந்திருக்கே மாமாங்குற. தெரியும், எடைக்குன்னே 2025-ல நம்ம நாட்டுக் கடைக்கும் வந்துருச்சு. வேலை செய்யுது, பொய் சொல்லக் கூடாது. சில பேருக்கு அது அவசியமும்தான். அதை டாக்டர் தீர்மானிக்கட்டும், உன் வாட்சப் குரூப்பு வேண்டாம். செமாகுளுடைட்ங்கிற அந்த ஊசியை நிறுத்தினவங்களை ஒரு வருசம் கழிச்சுப் பார்த்தா, குறைஞ்ச எடையில மூணுல ரெண்டு பங்கு திரும்பி வந்திருந்துச்சு. நீ வாங்குன ட்ரெட்மில்லு கதி ஞாபகம் இருக்குல்ல?

இன்னொண்ணையும் சொல்லிருறேன், இதுல நக்கல் கிடையாது. ஒண்ணும் செய்யாமலே எடை குறைஞ்சா ஊரெல்லாம் சொல்லிச் சந்தோசப்படாதே. ஜன்னலுக்கு அந்தப் பக்கம், 'சும்மாவே ஸ்லிம் ஆயிட்டேன் அண்ணாச்சி'ன்னு சிரிச்சுக்கிட்டு வந்த ஆளுக உண்டு. சர்க்கரையா இருக்கலாம், காசமா இருக்கலாம், தைராய்டா இருக்கலாம், அதுக்கு மேலயும் இருக்கலாம். அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ.

சரி, பேசிப்பேசியே மத்தியானம் ஆயிருச்சு. பைக்குச் சாவியை இங்க வை. அக்கரைத் தெருக் கடையில போய் நாலு முட்டை வாங்கிட்டு வா, நடந்தே போ. டீக்கடை வழியாப் போகாதேன்னு சொல்லலை, போ. கடைக்காரன்கிட்ட நான் போன்ல சொல்லிட்டேன். உனக்குச் சீனி கிடையாது, வடை தீர்ந்துபோச்சு.