ஒரு லிட்டருன்னா ஒரு லிட்டர்தான்

வாடா பேராண்டி, உக்காரு. பிள்ளைக்கு நேத்து ராவுலருந்து வயித்தால போகுதாமே? பல்லு முளைக்குது, அதான்னு உங்க அப்பத்தா சொல்லியிருப்பாளே. அவ கணக்குக்கு இந்த ஊருப் பிள்ளைகளுக்கெல்லாம் முதலை கணக்கா பல்லு இருக்கணும். முன்னாடி தொக்கம் எடுக்க ஒருத்தர் வருவாரு. ஊதி ஊதிப் பிள்ளை வாயிலருந்து இட்லித் துண்டை எடுத்துக் காட்டுவாரு. அந்த வீட்டுல தீவாளிக்கு அப்புறம் இட்லியே அவிச்சிருக்க மாட்டாக.

நீ படிச்சவன், அதை நம்ப மாட்ட. மருந்துக்கடையில போயி, "ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க"ன்னு ஆன்டிபயாடிக் வாங்கியாந்துட்ட. அவருக்கு இட்லி, உனக்கு பாட்டிலு. சின்னப் பிள்ளைகளுக்கு இது பெரும்பாலும் வைரஸு. அதுல ரோட்டான்னு ஒரு போக்கிரி. இந்த மருந்து அதைத் தொடக்கூடத் தொடாது. ரத்தமாப் போனா டாக்டரு பாத்துக் குடுப்பாரு, அது வேற.

உப்புக் கரைசல் பொட்டலமுமா? காட்டு. அடேய், ஒரு லிட்டருக்குன்னு போட்டிருக்கு, நீ ஒரு தம்ளர்ல முழுசாக் கொட்டியிருக்க! டிகாஷனாடா இது, தூக்கலாப் போட? உப்பு கூடுனா பிள்ளைக்குத்தான் கேடு. கீழ ஊத்து. காய்ச்சி ஆறுன தண்ணி ஒரு லிட்டர் எடுத்து, அதுல ஒரு பொட்டலத்தை முழுசாக் கரை. ஒவ்வொரு தடவை போனதும் கால் தம்ளரு, அரைத் தம்ளரு, ஸ்பூனால குடு. கக்கினா பத்து நிமிஷம் பொறுத்துக் குடு. நாளைக்கு மிச்சத்தைக் கொட்டிரு.

வெறும் தண்ணிதானேன்னு நினைக்காத. 1971-ல வங்காளத்துல, பன்காவ் அகதி முகாம்ல காலரா. ஏத்துறதுக்கு குளுக்கோஸ் பாட்டிலு தீந்துபோச்சு. திலீப் மகாலனபிஸ்னு ஒரு டாக்டரு உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பை டிரம்முல கரைச்சுக் குழாயத் திறந்துவிட்டாரு. 100-க்கு 30 பேரு செத்த இடத்துல 4 பேருக்கும் கீழ இறங்கிருச்சு.

அப்ப நாங்க இங்க என்ன பண்ணுனோம்? தண்ணி குடுத்தா இன்னும் போகும்னு சொம்பைத் தூக்கிப் பரண்ல வச்சோம். உங்க அப்பனுக்கு அடுத்து ஒரு பய பிறந்தான். அவன் பேரை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாக.

சரி, விடு. தாய்ப்பாலை நிறுத்தாதீக. துத்தநாக மாத்திரைய நர்ஸம்மா சும்மாவே தரும். போக்கு நின்னாலும் 14 நாளும் குடுக்கணும். வயித்துத் தோலைக் கிள்ளிவிட்டா டக்குனு படியணும். மெதுவாப் படிஞ்சா, கண்ணு உள்ள போனா, ஒண்ணுக்குப் போகலைன்னா, துவண்டு கிடந்தா, என்கிட்ட கதை கேக்காத, பெரியாஸ்பத்திரிக்கு வண்டிய எடு. 6, 10, 14 வாரத்துல ரோட்டா சொட்டு மருந்து விட்டாச்சான்னு அட்டையப் பாரு.

ஆமா, பிள்ளைக்குக் கால் கழுவிவிட்டது நீதானே? அந்தத் தம்ளரைக் கலக்குனதும் இதே விரலா? போ, சோப்புப் போட்டுக் கழுவிட்டு வந்து அடுத்த பொட்டலத்தைப் பிரி.