நம் பேச்சைக் கேட்காத ஒன்பது பேர்

ஒரே கேசட்டில் 9999 கேம்கள் என்று அட்டைப்பெட்டியில் அச்சடித்து விற்ற தொண்ணூறுகளில்தான் எனக்கும் பேஸ்பாலுக்கும் பரிச்சயம். அந்த எண்ணிக்கை அச்சகத்தாரின் தாராள மனசு. உள்ளே இருந்தது என்னவோ கொஞ்சம் கேம்கள்தான். அதே மாரியோ வெவ்வேறு பெயரில், வெவ்வேறு கட்டத்திலிருந்து கிளம்பி வருவார். அந்தக் கொஞ்சத்தில் ஒன்றின் பெயர் வெறுமனே 'பேஸ்பால்'. நிண்டெண்டோ நிறுவனம் தன் ஃபேமிகாம் பெட்டிக்காக 1983 டிசம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. நம்மூர் டிவி கேம் பெட்டிகள் அந்த ஃபேமிகாமின் ஒன்றுவிட்ட தம்பிகள் என்பதால், யாருடைய அனுமதியும் இல்லாமல் அது எங்கள் வீட்டுக் கூடம் வரை வந்து சேர்ந்தது.

பந்துவீச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கீழ் அம்பை அழுத்தி வீசினால் பந்து சீறும், மேல் அம்பென்றால் சோம்பலாக வரும், பக்கவாட்டு அம்புகளுக்கு வளையும். பேட்டிங்கும் பரவாயில்லை. கிரிக்கெட்டில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு ஒரே ஒரு அதிர்ச்சி. பின்பக்கமாக நைசாகத் தட்டிவிட்டு, நான்கு ரன் என்று நிமிர்ந்து பார்த்தால் ஃபவுல்! போதாக்குறைக்கு அதை ஒரு ஸ்ட்ரைக் என்றும் கணக்கில் ஏற்றினார்கள். போகட்டும், அது பேஸ்பாலின் சட்டம். கேம் செய்தவர்கள் மேல் கோபப்பட்டு என்ன பயன்?

ஃபீல்டிங்குக்குத்தான் மன்னிப்பே கிடையாது. எதிராளி அடித்ததும் திரை மாறி மைதானம் முழுக்கத் தெரியும். நம் ஆட்கள் ஒன்பது பேரும் அங்கங்கே நிற்பார்கள். பந்து உருண்டு போகும். நாம் அம்பை அழுத்துவோம். ஒருவரும் மதிக்க மாட்டார். பந்தைத் துரத்துகிற பொறுப்பு முழுவதையும் இயந்திரமே எடுத்துக்கொண்டுவிட்டது. அந்த ஃபீல்டர்களோ, சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போகும் கல்யாண வீட்டு மாமாக்கள் மாதிரி நிதானமாக நடந்துபோய்ப் பந்தை எடுப்பார்கள். எடுத்த பிறகுதான் நமக்கு வேலை: வலது அம்புக்கு முதல் பேஸ், மேல் அம்புக்கு இரண்டாவது, இடது அம்புக்கு மூன்றாவது, கீழ் அம்புக்கு ஹோம் என்று எறியலாம். அதற்குள் எதிராளி எல்லா பேஸையும் தரிசித்துவிட்டு வந்திருப்பான்.

"டேய், ஓட்றா! பந்து போவுது பாரு!" என்று கத்துவான் சித்தி பையன்.

"நான் என்னடா பண்றது? அவன்தான் ஓட மாட்டேங்கிறான்!"

அடுக்களையிலிருந்து பாட்டி கேட்பாள்: "யாருடா அது, உன் பேச்சைக் கேக்காதவன்?" ஒன்பது பேர் பாட்டி, ஒன்பது பேர்.

இதைவிட மோசமான பேஸ்பாலும் உண்டு என்று சிலர் அட்டாரியின் 'ஹோம் ரன்'னைக் காட்டுவார்கள். 1978-இல் வந்தது. அட்டாரி 2600 பெட்டியின் நினைவகமே 128 பைட்தான். ஓர் உருவத்தை வரைந்துவிட்டு, அதையே பக்கத்தில் இன்னும் இரண்டு நகல் காட்டுகிற வித்தை அதற்குத் தெரியும். அதனால் ஒன்பது பேர் நிற்க வேண்டிய மைதானத்தைச் சமாளிக்க, மிஞ்சிப்போனால் மூன்று பேர். மூவரும் ஒரே சங்கிலியில் கட்டியதுபோல் ஒன்றாகவே நகர்வார்கள். பார்க்கச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் என் ஓட்டு அந்த மூவருக்கே. இழுத்த இழுப்புக்கு வந்தார்களே!

நிண்டெண்டோவின் அணிகளுக்குப் பெயர்கூடக் கிடையாது. ஜி, டி, சி என்று ஒற்றை எழுத்துகள். ஜப்பானின் சென்ட்ரல் லீகில் ஜயன்ட்ஸ், டைகர்ஸ், கார்ப் முதலான ஆறு அணிகள். அவற்றின் தலையெழுத்துகள்தாம் இவை. இது தெரியாமல், ஜி அணிதான் ராசியானது என்று எங்கள் வீட்டில் அதற்காக அடிதடியே நடந்திருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் அந்த 'பேஸ்பால்' ஜப்பானில் 20 லட்சத்துக்கு மேல் விற்றது. 1985-இல் நிண்டெண்டோ அமெரிக்காவில் கடை விரித்தபோது முதல் வரிசையில் வைத்த கேம்களில் இதுவும் ஒன்று. ஃபீல்டர்களை ஆடுபவர் கையில் ஒப்படைத்து நாம்கோ நிறுவனம் 'ஃபேமிலி ஸ்டேடியம்' வெளியிட்டது 1986 டிசம்பரில். அமெரிக்காவில் அதற்கு 'ஆர்.பி.ஐ. பேஸ்பால்' என்று பெயர். நிஜ ஆட்டக்காரர்களின் பெயர்களும் சேர்ந்துகொண்டன. நாங்கள் ஆடிய காலத்தில் அது வந்து சில வருஷமே ஆகியிருந்தது! எங்கள் கேசட்காரருக்கு எது கையில் சிக்கியதோ அதைத்தானே போடுவார்?

2018 செப்டம்பரில், தன் ஸ்விட்ச் பெட்டியின் சந்தாதாரர்களுக்காக நிண்டெண்டோ பழைய கேம்களைத் திரும்ப வெளியிட்டபோது இந்த 'பேஸ்பால்' அதிலும் வந்து நின்றது. ஆசைப்படுகிறவர்கள் ஆடிப் பாருங்கள். வீசுங்கள், அடியுங்கள். எதிராளி அடித்துவிட்டால் மட்டும் எழுந்துபோய் ஒரு காப்பி போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாதது அந்த ஒன்பது பேருக்கும் தெரியப்போவதில்லை.