பூண்டு நாற்றத்தில் பிறந்த பெட்ரோல்

"அண்ணே, நார்மலா, பிரீமியமா?"

பங்க் தம்பி கேட்கிறான். என்னுடையது பதினான்கு வயசு ஸ்ப்ளெண்டர். பதில் அவனுக்கும் தெரியும், வண்டிக்கும் தெரியும். எனக்கு மட்டும் ஒரு கணம் சபலம். லிட்டருக்குச் சில ரூபாய் கூடக் கொடுத்தால் வண்டி குதிரையாகிவிடும் என்று நம்பிய காலம் எனக்கும் உண்டு. பாலில் இரண்டு ஸ்பூன் மாவு கலந்தால் பையன் அரையடி வளர்வான் என்று நம்பிய அதே ஜனம்தானே நாம்.

ஆக்டேன் என்றால் பலம் இல்லை, பொறுமை. பிஸ்டன் மேலே ஏறி, பெட்ரோல் ஆவியையும் காற்றையும் கலந்து நசுக்குகிறது. பிளக் பொறி போட்டபின் அந்தப் பக்கத்திலிருந்து வரிசையாக எரிந்துகொண்டு வரவேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கடைசி மூலையில் இருக்கும் கலவை சூடும் நெருக்கமும் தாங்காமல் தானாகவே பற்றிக்கொள்கிறது. பந்தியில் சாம்பார் வாளி வருமுன்பே அப்பளத்தை நொறுக்கிவிடுகிற ஆசாமி மாதிரி. உடனே உள்ளே தகர டப்பாவில் கோலிக்குண்டு போட்டுக் குலுக்கிய சத்தம் கேட்கும். மெக்கானிக் காதைச் சாய்த்து, "இஞ்சின் இடிக்குது, நாக்கிங் சார்" என்பார். அந்த அவசரக்காரன் எவ்வளவு நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான் என்பதற்கு நாம் போடும் மார்க்குதான் ஆக்டேன் நம்பர்.

இதைக் கண்டுபிடிக்க மனிதகுலம் பட்ட பாடு இருக்கிறதே!

முதலில் வருகிறவர் ஹாரி ரிக்கார்டோ. 1904-இல் கேம்பிரிட்ஜில் முதல் வருஷ மாணவர். அங்கே ஒரு போட்டி வைத்தார்கள்: ஒரு குவார்ட் பெட்ரோலில் யார் அதிக தூரம் போவது? நம்மூர்க் குவார்ட்டர் இல்லை, இது வெள்ளைக்காரன் குவார்ட், 1.14 லிட்டர். ரிக்கார்டோ தானே ஒரு மோட்டார்சைக்கிள் செய்து கொண்டுவந்தார். வந்ததிலேயே கனமான இஞ்சின் அவருடையதுதான். 40 மைல் ஓட்டி ஜெயித்துவிட்டார். கணக்குப் போட்டால் லிட்டருக்கு 56 கிலோமீட்டர். இன்றைக்கு ஷோரூமில் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். ஒரே வித்தியாசம், ரிக்கார்டோ நிஜமாகவே ஓட்டிக் காட்டினார்.

அந்த மைலேஜ் வெறி அவரை இஞ்சின் ஆராய்ச்சியில் கொண்டுபோய்த் தள்ளியது. முதல் உலகப்போரை ஒட்டி ஓர் எண்ணெய்க் கம்பெனிக்காக வகைவகையான பெட்ரோலைச் சோதித்தபோது, நசுக்க நசுக்க இடிக்காத ஒரு சரக்கு அகப்பட்டது. போர்னியோவிலிருந்து வந்தது. அங்கே அதை என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று விசாரித்தால், காட்டில் ஊற்றிக் கொளுத்திக்கொண்டிருந்தார்களாம்! அன்றைய விதிப்படி நல்ல பெட்ரோல் லேசாக இருக்கவேண்டும், இது கனம். எடையைப் பார்த்து மாப்பிள்ளையைத் திருப்பி அனுப்பிய கதை. ரிக்கார்டோ பெயரைத் தாங்கி 1921-இல் ட்ரையம்ஃப் கம்பெனி 499 சிசியில் நாலு வால்வு மோட்டார்சைக்கிள் ஒன்றை வெளியிட்டது. ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயப் பாதையில் அது சாதனைகளும் படைத்தது. அந்தக் காலத்தில் நாலு வால்வு என்பது வீட்டில் நாலு கார் நிறுத்துவது மாதிரி.

அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் ஆட்டம் வேறு. ஓஹையோ மாநிலம், டேட்டன் நகரம். சார்லஸ் கெட்டரிங் என்ற பெரிய தலை. கையால் சுழற்றிக் கிளப்பிய காருக்குப் பொத்தான் வைத்துக் கொடுத்த மகராசன். 1912 கேடிலாக்கில் அது வந்தது. வந்ததும் ஜனம் என்ன சொல்லிற்று? "இஞ்சின் இடிக்குது, உன் மின்சாரச் சமாச்சாரம்தான் காரணம்." நல்லது செய்தவன் கதி எங்கும் அதுதான். போதாததற்கு, பண்ணை வீடுகளுக்கு அவர் விற்ற மண்ணெண்ணெய் ஜெனரேட்டரும் இடித்தது. 1916-இல் தாமஸ் மிட்க்லி என்ற 27 வயசுப் பையனைக் கூப்பிட்டு, "இந்தச் சத்தத்தை நிறுத்து" என்றார். பையன் படித்தது மெக்கானிக்கல் இஞ்சினீயரிங், கொடுத்த வேலையோ ரசாயனம். கேம்பஸ் இன்டர்வியூவில் சேர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புரியும்.

இருவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். பனி உருகுமுன்பே பூக்கிற ஒரு செடி உண்டு, அதன் இலையில் சிவப்பு ஏறியிருக்கும். சிவப்பு சூட்டை உறிஞ்சுகிறது, அதனால்தான் சீக்கிரம் பூக்கிறது, ஆகவே எரிபொருளுக்கும் சிவப்புச் சாயம் போட்டால் இடிக்காது. தர்க்கம் இவ்வளவுதான். எங்கள் தெரு ஜோசியர்கூட இன்னும் கொஞ்சம் வலுவாகப் பேசுவார். ஸ்டோரில் சிவப்புச் சாயம் இல்லை. "அயோடின் இருக்கிறது, அதுவும் சிவப்பாகத்தான் இருக்கும்" என்று எடுத்து ஊற்றினார் மிட்க்லி. இடி நின்றுவிட்டது! ஆனந்தக் கூத்தாடி, பிறகு அசல் சிவப்புச் சாயத்தை வரவழைத்துப் போட்டுப் பார்த்தால் டங்கு டங்கு என்று பழையபடி. வேலை செய்தது நிறம் இல்லை, அயோடின். திருநீறு பூசிக்கொண்டு பரீட்சை எழுதி நிஜமாகவே பாஸானவனின் நிலைமை. இனி விடவும் முடியாது, விளக்கவும் முடியாது.

அயோடின் விலை அதிகம், இரும்பையும் தின்றது. அடுத்து அனிலின், நாற்றம். அடுத்து செலீனியம், இன்னும் நாற்றம். அடுத்து வந்தது டெல்லூரியம். இது இடியை அற்புதமாக அடக்கியது. தொட்டவர்களின் மூச்சிலும் வியர்வையிலும் அழுகிய பூண்டு வாடையையும் கொடுத்தது. குளித்தாலும் உடை மாற்றினாலும் போகவில்லை. உலகத்தின் மிகச் சிறந்த பெட்ரோல் கையில், பக்கத்தில் உட்கார ஆள் இல்லை. தனிம அட்டவணையை விரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து, 1921 டிசம்பர் 9-ஆம் தேதி ஈயத்துக்கு வந்து சேர்ந்தார்கள். டெட்ராஎத்தில் லெட். ஒரு கேலனுக்குச் சில கிராம் போதும், இடி கப்சிப்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. இதற்கு இரண்டு மாதம் முன்பு, அக்டோபரில், இதே மிட்க்லி டேட்டனிலிருந்து இண்டியானாபோலிஸில் நடந்த இஞ்சினீயர்கள் கூட்டத்துக்குக் காரில் போனார். டேங்கில் இருந்த பெட்ரோலில் 30 சதவீதம் ஆல்கஹால். வண்டி இடிக்கவே இல்லை. அமெரிக்காவில் அப்போது மதுவிலக்கு. குடிமக்களுக்குச் சொட்டு இல்லை, காருக்கு மட்டும் முப்பது சதவீதம்! ஆக, விடை அப்போதே டேங்கில் இருந்தது. ஆனால் சாராயம் எந்தக் கம்பெனியின் சொத்தும் இல்லை. சோளம் விளைகிற எந்த விவசாயியும் கொல்லைப்புறத்தில் காய்ச்சிவிடுவான். ஈயக் கலவை அப்படியில்லை. ஜெனரல் மோட்டார்ஸும் நியூஜெர்சி ஸ்டாண்டர்ட் ஆயிலும் 1924-இல் அதற்கென்றே கூட்டுக் கம்பெனி ஆரம்பித்தன. பெயர் "எத்தில்". ஈயம் என்ற வார்த்தை பெயரிலேயே இல்லை. பெண் வீட்டார் ஜாதகத்தில் செவ்வாயை மறைத்த மாதிரி.

அதற்குமேல் சிரிக்க முடியவில்லை. 1924 அக்டோபரில் நியூஜெர்சியின் பேவே ஆலையில் இந்தத் திரவத்தைக் கையாண்ட தொழிலாளிகள் ஐந்து பேர் சித்தம் கலங்கிச் செத்தார்கள். வேறோர் ஆலையில் வேலை செய்தவர்கள் இல்லாத பூச்சிகளைக் காற்றில் விரட்டினார்கள். பத்திரிகைகள் இதற்குப் "பைத்தியக்காரப் பெட்ரோல்" என்று பெயர் வைத்தன. அதே மாதக் கடைசியில் மிட்க்லி நிருபர்களைக் கூட்டி, திரவத்தைக் கையில் ஊற்றித் தேய்த்து, ஒரு நிமிஷம் முகர்ந்தும் காட்டினார். ஒன்றும் ஆகாது என்றார். முந்தைய வருஷம்தான் ஈய விஷம் ஏறி லீவு போட்டு ஓய்வெடுத்துவிட்டு வந்த மனிதர்.

மார்க் போடும் முறை அதற்குப் பிறகு வந்தது. 1926-இல் அதே எத்தில் கம்பெனியின் கிரஹாம் எட்கர், சுத்தமாக இடித்துத் தள்ளுகிற ஹெப்டேனுக்குச் சைபர் என்றும், அசையாத ஐசோஆக்டேனுக்கு 100 என்றும் வைத்தார். ஹெப்டேன் கலிபோர்னியாப் பக்கம் வளரும் ஒரு பைன் மரத்தின் பிசினிலிருந்து வந்தது. உன் பெட்ரோல் எந்தக் கலவை மாதிரி இடிக்கிறதோ அதுவே உன் நம்பர். 91 என்றால் நூற்றில் 91 பங்கு ஐசோஆக்டேன் உள்ள கலவைக்குச் சமானம். இதில் வேடிக்கை, ஐசோ என்ற அடைமொழி இல்லாத நேர்ச்சங்கிலி ஆக்டேனை இதே தராசில் நிறுத்தால் சைபருக்கும் கீழே மைனஸ் மார்க் வாங்குகிறது. தன் பெயரில் நடக்கிற பள்ளிக்கூடத்திலேயே ஃபெயில்!

இனி நம் கதை. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் சர்க்கார் எல்லாக் கம்பெனிச் சரக்கையும் ஒன்றாகக் கலந்து "பூல்" பெட்ரோல் என்று விற்றது. ஆக்டேன் எழுபது சொச்சம். 1953 வரை அதுதான். அதைக் குடித்து வாழவேண்டிய மோட்டார்சைக்கிள்களுக்கு அமுக்கத்தைக் குறைத்து வைத்தார்கள். அந்தக் காலத்தில் பிறந்ததுதான் 1949-இன் 350 சிசி புல்லட். அமுக்க விகிதம் 6.5. அதாவது ஆறரைப் பங்கு கலவையை ஒரு பங்காக நசுக்கும், அவ்வளவே. 1955-இல் சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் குடியேறி, அங்கே தலைமுறை தலைமுறையாகப் பிறந்த புல்லட்டுகளும் அந்த அடக்கத்தோடே இருந்தன. எந்த ஊர்ப் பெட்ரோலையும் முகம் சுளிக்காமல் குடிக்கும். ரேஷன் அரிசியில் வளர்ந்த உடம்பு.

ஈயம் நம்மூரில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களிலிருந்து விலக ஆரம்பித்து, 2000 பிப்ரவரியில் நாடு முழுக்கப் போனது. உலகத்தில் கடைசியாக விட்டது அல்ஜீரியா, 2021-இல். ஈயம் போன நாற்காலியில் நம்மூரில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்? எத்தனால்! இருபது சதவீதம். மிட்க்லி காரில் ஊற்றிய அதே சாராயம், கரும்பும் அரிசியும் மக்காச்சோளமுமாக, நூறு வருஷம் கழித்து. 91 ஆக இருந்த சாதாப் பெட்ரோல் இதனால் 95 ஆகிவிட்டது என்று அரசாங்கமே சொல்கிறது. நம்பர் ஏறிற்று, ஆனால் எத்தனாலுக்கு லிட்டருக்குச் சூடு பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. மைலேஜ் கொஞ்சம் இறங்குகிறது. ஆக்டேன் பலம் இல்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

என் ஸ்ப்ளெண்டருக்கு அமுக்க விகிதம் பத்துக்கும் கீழே. அதற்கு 91 போதும். 100 ஆக்டேனை ஊற்றினாலும் அது முன்பு இடிக்காத மாதிரியே இப்போதும் இடிக்காது. 12-ஐத் தாண்டும் ரேஸ் பரம்பரை வண்டி வைத்திருப்பவர், டேங்க் மூடியிலோ கையேட்டிலோ 95 என்று போட்டிருந்தால், பேசாமல் அதைப் போடட்டும். வேறு ரகசியம் ஒன்றுமில்லை.

"நார்மலே போடு தம்பி, இருநூறுக்கு."

பக்கத்து வரிசையில் பழைய வார்ப்பிரும்பு இஞ்சின் புல்லட் ஒன்று. மீசைக்கார அண்ணன் பிரீமியத்தை ஃபுல் டேங்க் அடித்து மூடியைத் திருகினார்.

"எப்படிண்ணே இருக்கு, பிரீமியம்?" என்றேன்.

"இழுவையே வேற தம்பி!"

வண்டியை அவர் இன்னும் கிக் அடிக்கவில்லை.