மரு நீக்கமும் குதிரைவால் முடியும்: ஒரு மீள்பார்வை

கழுத்திலும் அக்குளிலும் யாருக்கும் தொல்லை தராமல் தொங்கும் மருவே இவ்வாய்வின் களம். நிறம் மாறுவது, ரத்தம் கசிவது, விறுவிறுவென வளர்வது ஆகியவை ஆய்வு எல்லைக்கு அப்பாற்பட்டவை. அவற்றைத் தோல் மருத்துவரிடம் காட்டவும்.

கழுத்து மரு பெரும்பாலும் தோல் உராய்வதால் வருவது. விரல் மரு பாப்பிலோமா வைரஸால் வருவது. வைத்தியம் சொல்பவர்கள் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்துவதில்லை.

முறைகள் பல. அம்மான் பச்சரிசிப் பால்: தடவுவார்கள். சுண்ணாம்பும் சோடாவும்: தோல் வெந்துவிடும், எனவே மேலும் ஆய்வு தேவை. வைத்தீஸ்வரன் கோயில் குளத்தில் வெல்லம் கரைத்தல்: வெல்லம் கரைகிறது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் உறைய வைத்தல், மின்சாரத்தால் சுட்டெடுத்தல்: வேலை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. விவாதிக்க ஒன்றுமில்லாததால் விடுகிறோம்.

குதிரை முடிக்கு வருவோம். மருவின் அடியில் இறுகக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று, கறுத்து, உதிரும் (தெருமுனைப் பாட்டி, வாய்மொழி). வால் முடியா, பிடரி முடியா என்பதில் அறிஞர்கள் இரண்டுபட்டனர். வால்தான் என்பது முதல் கட்சி (அதே பாட்டி, அதே திண்ணை, பல்செட் மாட்டிய பின் வந்த திருத்திய பதிப்பு). பிடரி என்போர் உயிர்ச்சேதம் குறைவு என்பதைச் சான்றாக வைக்கின்றனர் (உதை வாங்கியவர் சொன்னதாகக் குதிரைக்காரர், சலூன் பெஞ்சு, பாதி முகம் நுரையில் இருந்தபோது பதிவானது, மறுபாதி அச்சில்). தையல் நூலால் கட்டினாலும் இதேதானே நடக்கும் என்று ஒரு மாணவர் கேட்டார். அவருடைய ஆய்வேடு இன்னும் நெறியாளர் மேசையில்தான் இருக்கிறது.

இன்னொரு சங்கடம். குழந்தைகளுக்கு வரும் வைரஸ் மருக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு ஆண்டுகளுக்குள் தாமாகவே மறைந்துவிடும். மறையும் வேளையில் பக்கத்தில் இருந்த பால், வெல்லம், பாட்டி எல்லோரும் பெருமையைப் பங்கிட்டுக்கொள்வர். பல்கலைக்கழகங்களில் இவர்களை இணையாசிரியர்கள் என்பார்கள்.

கள ஆய்வு தொடர்கிறது. மெரினாவில் குதிரை ஓட்டும் அன்பர்கள், கையில் கத்தரிக்கோலும் கழுத்தில் அடையாள அட்டையுமாக வாலருகே குனிந்திருப்பவர்களைக் கண்டால், குதிரையைச் சற்றே பிடித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.