கூட்டுக்கு வெளியே நிற்பவர்கள்

கேள்வி: மண்பாதைப் பந்தயக் காருக்குள் இரும்புக் கூடு பொருத்தினால் போதாதா? (வாசகர், கல்முனை)

பதில்: உள்ளே இருப்பவருக்கே போதாது. மண்ணில் பக்கவாட்டாகச் சறுக்கும் கார், சக்கரம் புதைந்ததும் உருளும். அப்போது கூரை நசுங்காமல் தாங்குவது பொருத்தில்லாத உருக்குக் குழாய். சர்வதேச விதி ஏற்கும் அளவொன்று 45 மில்லிமீற்றர் விட்டம், 2.5 மில்லிமீற்றர் தடிப்பு. தலைக்கவசமும் இறுக்கிய பட்டியும் இல்லாவிட்டால் அந்தக் குழாயே மண்டையைப் பிளந்துவிடும். கூடு இருப்பதால்தான் சாரதிக்குத் துணிச்சல் கூடுகிறது, கழற்றிவிடலாமே என்பாரும் உண்டு. கழற்றக் கூடாது, துணிச்சல் காட்டாவிட்டாலும் கார் குழியில் விழுந்து உருளலாம். என் கவலை வேறு: கூடு சாரதியை மட்டுமே காக்கும். 2024 ஏப்ரல் 21இல் தியத்தலாவ பொக்ஸ் ஹில் பந்தயத்தில் பாதை விலகிய கார் மோதி, பார்வையாளரும் பந்தய ஊழியருமாக 7 பேர் இறந்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டவை தூரமும் உறுதியான தடுப்பும். பந்தயம் பார்க்கப் போகும் தம்பிமாரே, வளைவின் வெளிப்பக்கம் நிற்காதீர்கள்.